அழித்தாலும் திரும்பி வரும் எர்ரர் கோட்

நாடு முழுக்க பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 1-ல். அப்போது வாங்கிய, சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள லாரிகள் இப்போது பழைய வண்டிகளாகிவிட்டன. ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் பக்கமிருந்து லோடு ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கேரளா போகும் டிரைவர்களுக்கு ஒரு தொல்லை புதிதில்லை. செக் லைட் எரியும். ஸ்கேனர் மாட்டி அழித்தால் அணையும். ஆரியங்காவு ஏற்றத்தில் மறுபடி எரியும். காசு போட்டுப் புது சென்சார் மாட்டினாலும் அதே கோட் வந்து நிற்கும்.

இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஆயிலும் தெரியாது, சூடும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட் மட்டும். சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அழுத்தம் அளக்கும் சென்சார்கள் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள்தான் பதில் தரும். இரண்டு ஓரத்திலும் அரை வோல்ட்டை ஏன் சும்மா விட வேண்டும்? அழுத்தமே இல்லாததற்கு 0 வோல்ட் என்று வைத்திருந்தால், வயர் அறுந்துபோனதையும் அழுத்தம் போனதையும் பிரித்தறிய வழியில்லை. அதனால் ஓரங்களைப் பழுதுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். இதை முதலில் யோசித்த மூளையை எத்தனை மெச்சினாலும் தகும்.

லாரிகளின் கோட் இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் பிரஷர். கூடவே வந்து பழுதின் வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ எண்தான் உயிர்நாடி. அது 1 என்றால் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். 4 என்றால் அந்த வயரில் வோல்ட் குறைவு, அவ்வளவுதான். சென்சார் கெட்டுவிட்டதாகக் கம்ப்யூட்டர் எங்கேயும் சொல்லவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க அழகான சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு வயர் உள்ள கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால், ஸ்கேனரில் வெப்பம் மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். கப்ளரின் இரு பின்களையும் ஒரு வயரால் இணைத்தால் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நல்லவை, சென்சாரை மாற்றலாம். நடக்காவிட்டால் புது சென்சார் வீண்செலவு. (மூன்று வயர் சென்சாரில் இப்படி இணைக்கக் கூடாது.)

கோட் மலையில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. அழிப்பது பதிவைத்தான், பழுதை அல்ல. பிராக்கெட்டில் உரசித் தோல் தேய்ந்த வயரும், கப்ளருக்குள் பச்சை பூத்த பின்களும் நிற்கும் வண்டியில் ஒழுங்காகவே இருக்கும்; பாரமும் அதிர்வும் சூடும் சேரும்போதுதான் தொடர்பு விடும். எர்த் வயரும் அப்படித்தான். பத்து இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் நல்லதென்றே காட்டும். கரண்ட் ஓடும்போது எர்த் வயரில் எத்தனை வோல்ட் இழப்பாகிறது என்று பார்க்க வேண்டும்.

நாலைந்து கோட் ஒன்றாக வந்தால், அந்த சென்சார்களுக்குப் பொதுவான 5 வோல்ட் வயரைத் தேடுங்கள். எங்கோ ஒரு சென்சாரில் அது பாடியைத் தொட்டிருந்தால் எல்லாமே விழும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கேதான் பழுது. அழிப்பதற்கு முன்னால், கோட் விழுந்த நொடியின் ஆர்பிஎம், வேகம், வெப்பம் ஆகியவற்றை ஸ்கேனரிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அவை போய்விடும்.