டைல்ஸ் இடுக்கும் என் இன்ஜினீயர் கர்வமும்

முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். இரண்டு தண்டவாளம் சேருமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று கேங்மேன்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனால் டோம்பிவிலியில் 2010-இல் நாங்கள் குடியேறிய வீட்டின் குளியலறையில், டைல்களுக்கு நடுவே உள்ள மூன்று மில்லிமீட்டர் இடுக்கைப் பத்து வருடமாக நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

இங்கே மழைக்காலம் நான்கு மாதம். சுவர் காயாது, துணி காயாது. டைல்ஸ் இடுக்கு மட்டும் காயுமா? கறுப்பாகப் பூசணம் படியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தெருவில் வரும் பினாயில்காரரிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றுவோம். 'புஸ்'ஸென்று நுரைத்து, இடுக்கெல்லாம் பளிச்சென்று வெளுக்கும். அழுக்குதான் நுரைத்துப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் நுரைத்தது சிமெண்ட். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆசிட் கரைத்துவிடும். வெளுத்துத் தெரிந்ததெல்லாம் மேல்தோல் உரிந்த இடுக்கு. கரடுமுரடான அந்த இடத்தில் அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாகப் பூசணம் பிடிக்கும். நாமும் இன்னொரு பாட்டில் வாங்குவோம்!

இதற்கிடையில் கீழ்வீட்டு மராத்தி அன்பர் இரண்டு முறை வந்து, "காக்கா, எங்கள் குளியலறைக் கூரையில் ஈரம்" என்றார். (மராத்தியில் 'காக்கா' என்றால் சித்தப்பா. முதலில் கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது.) "நான் இன்ஜினீயர். என் தரையில் ஒரு குறையும் இல்லை. உங்கள் பைப்பைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

2020 போகியன்று என் மனைவி, இரவே தூவி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரின்மேல் ஆசிட்டை ஊற்றிவிட்டாள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. "என்னங்க, மூச்சு முட்டுதுங்க" என்ற குரல் கேட்டு ஓடினேன். கண்ணெல்லாம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். பால்கனிக்கு இழுத்து வந்து உட்கார வைத்து, பிறகு டாக்டரிடம் போனோம். இருமல் அடங்க நான்கு நாளாயிற்று. அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதன்முறையாக மண்டியிட்டுப் பார்த்தேன். ஒரு பால்பாயிண்ட் ரீபில்லை இடுக்கில் விட்டால் சரசரவென்று உள்ளே போகிறது. காசால் தட்டினால் நாலைந்து டைல்கள் பொள்ளென்று சத்தம் கொடுத்தன. தண்ணீரைத் தடுப்பது இடுக்குச் சிமெண்ட் மட்டுமல்ல, அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சும்தான். ஆனால் இடுக்குத் திறந்துகிடந்தால் தண்ணீர் டைலுக்கு அடியில் தேங்கி, அந்தப் பூச்சில் பலவீனமான இடம் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக் கூரையில் அது கண்டுபிடித்துவிட்டது.

ஹேக்ஸா பிளேடு துண்டால் பழைய இடுக்கைச் சுரண்டித் தூசி நீக்கினோம். பொள்ளல் டைல்களை மாற்றி ஒட்டினோம். வெள்ளைச் சிமெண்ட் வேண்டாமென்று, கடையில் பாக்கெட்டில் விற்கும் பாலிமர் கலந்த கிரௌட்டை இடுக்கில் அழுத்தி நிரப்பி, ஈர ஸ்பாஞ்சால் இடுக்குக்குக் குறுக்குவாட்டில் துடைத்தோம். இடுக்கு நெடுகத் துடைத்தால் கிரௌட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரௌட் போடாமல் சிலிகான் வைத்தோம். அங்கே சிறிது அசைவு இருக்கும், தண்டவாள இடைவெளி மாதிரி. எபாக்சி கிரௌட் இன்னும் உறுதியானது, கறையும் பிடிக்காது. விலைதான் கூடுதல்.

இப்போது எங்கள் வீட்டில் ஆசிட் கிடையாது. கழிப்பறைக் கோப்பைக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம் இருப்பதால் அவற்றையும் தரையில் ஊற்றுவதில்லை. வினிகரும் அமிலம்தான். வாரம் ஒருமுறை வெந்நீரில் சோப்புத் தூள், பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். கறுப்புப் பிடித்த இடத்தில் ஆப்ப சோடாவை மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுகிறேன். பெராக்சைடு மருந்துக் கடையில் கிடைக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவது. பேரனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

புது கிரௌட் இறுகும்வரை மூன்று நாள் எங்கள் குளியலறையைத் தொடக்கூடாது. வீட்டில் வேறு குளியலறையும் இல்லை. கீழ்வீட்டு அன்பர்தான், "காக்கா, இங்கே வந்து குளியுங்கள்" என்றார். மூன்று நாளும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். தலையில் ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும் நேர் மேலே அந்த ஈரக் கறை. அது காய இரண்டு மாதமானது. பெயிண்டரை நான்தான் அனுப்பினேன்.