டிஹியூமிடிஃபையர் ஓடுது, ஆனா வீட்டில் ஈரம் குறையலையா? 'கேஸ் போச்சு' என்று சொன்னால் நம்பும் முன் இதைப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மயிலாப்பூர், அடையாறு பக்கம் பல வீடுகளில் பீரோவைத் திறந்ததும் பூஞ்சை வாடைதான். பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைப் புள்ளி, தோல் செருப்பில் பச்சைப் படலம். ஏசி இருக்கிற வீட்டிலும் இதே கதை. நவம்பர், டிசம்பரில் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறையும். அப்போது ஏசி ஈரத்தை இழுப்பதும் குறைந்துவிடும்.

இதற்காகவே சிலர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் வைத்த டிஹியூமிடிஃபையர் போடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், கோளாறு என்றாலே நேராக மெக்கானிக்குக்கு போன்தான்.

எப்படி வேலை செய்கிறது?

ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கும் இல்லையா, அதே கதைதான். ஃபேன் இழுக்கும் காற்று குளிர்ந்த காயிலில் படும்போது ஈரம் நீராகத் திரண்டு ட்ரேயில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகும். காய்ந்த காற்று அடுத்துள்ள சூடான காயிலைக் கடந்து அறைக்குத் திரும்பும். அதனால் காற்று வெதுவெதுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை.

முதலில் என்ன பார்க்கணும்?

ஜன்னல் திறந்திருக்கிறதா? திறந்து வைத்துக்கொண்டு மெஷினை ஓட்டுவது வங்கக்கடலையே காய வைக்கச் சொல்வது மாதிரி. அடுத்து செட்டிங். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 70-ல் வைத்திருந்தால் மெஷின் சும்மாதான் இருக்கும். 55-ல் வைத்துப் பாருங்க.

பிறகு ஃபில்டர். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில் ஐஸ் கட்டிவிடும். ஐஸ் கட்டினால் நீர் சொட்டாது. மெஷினை அணைத்து, ஐஸ் தானாக உருகும் வரை சில மணி நேரம் விடுங்க. கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

அதிகம் படுத்துவது ட்ரெயின் பைப்தான். உள்ளே பாசி போல வழவழப்பு படிந்து அடைக்கும். ட்ரேயில் நீர் ஏறினால், ஃப்ளோட் சுவிட்ச் உள்ள மாடல்களில் மெஷின் தானாக நின்றுவிடும். பலர் 'மெஷின் செத்துப்போச்சு' என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். சுவிட்ச் இல்லாத மாடல் என்றால் சீலிங்கில் மஞ்சள் கறை தெரியும். மெயின் எம்சிபியை அணைத்துவிட்டு ட்ரேயில் ஒரு குவளை நீர் ஊற்றுங்க. பைப் முனையில் வரவில்லை என்றால் அடைப்பு. பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊற்றாதீங்க, அலுமினியத்தை அரித்துவிடும். எலெக்ட்ரிக்கல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

'கேஸ் போச்சு சார்'

இதெல்லாம் சரி, இன்னும் ஈரம் குறையவில்லை என்றால்தான் கேஸ் பேச்சு. ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி கேஸ் ஓட ஓடத் தீராது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கடற்கரையை ஒட்டிய சாந்தோம், பெசன்ட் நகரில் உப்புக்காற்று காயிலை அரித்து ஊசித்துளை போடுவது உண்மைதான். ஆனால் கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், அடுத்த சீசனில் மறுபடி பில். முதலில் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்க. எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது நேம் பிளேட்டிலேயே இருக்கும். எடை மெஷின் வைத்து அந்த அளவுக்குத்தான் ஏற்றணும், குத்துமதிப்பாக இல்லை.

எப்போது சர்வீஸ்?

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஃபில்டர். ட்ரெயின் பைப், காயில் சுத்தம் செய்ய அக்டோபருக்கு முன்பே ஆளைக் கூப்பிடுங்க. வந்தவரிடம் டக்ட் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்க. டேப் விட்டுப்போயிருந்தால் காய்ந்த காற்று அறைக்கு வராமல் சீலிங்குக்கு மேலேயே போய்விடும்.