போத்தலிலிருந்து மாத்திரை அட்டைக்கு

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முதியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரி என்றால் போத்தல் ஞாபகம் வரும். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன போத்தலை நீட்டினால் மிக்ஸ்சரை ஊற்றித் தருவார்கள். அன்றைய பெரும் பயம் மலேரியாக் காய்ச்சல். இன்று அதே வரிசையில் நிற்பவர்கள் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு வருபவர்கள். மலேரியா போய்விட்டது. உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இந்தக் கரை பெற்ற பெரிய வரம் அது.

மருந்து வாங்கும் முறையும் மாறியது. பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைப்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன; வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கினார்கள். தெரிவு குறைந்தது, செலவும் குறைந்தது. 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்தது. அதே ஆண்டு பிபிலே கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

இன்று பாமசி அலுமாரி நிறைந்திருக்கிறது, ஆனால் மருந்தில் ஏறத்தாழ 85 வீதம் வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் இந்தியாவில் செய்த மாத்திரை. அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு சீனாவிலிருந்து. 2022இல் டொலர் தீர்ந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா ஆனது. பத்தலங்குண்டுத் தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவர வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. வந்து சேர்ந்தால் மாத்திரையும் இல்லை. கையில் கிடைத்தது, வெளியில் வாங்கச் சொல்லும் துண்டு. ஏற்றுமதி இறாலால் நாட்டுக்கு டொலர் தேடிக்கொடுத்த கரையோரம் இது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மருந்துகளை ஒழுங்குபடுத்தவென 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது. ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவசரக் கொள்வனவு என்ற வழி அகலமாகியது. அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியூலின் தரமற்றது என்று 2023இல் தெரியவந்தது. அது தொடர்பாக அடுத்த ஆண்டு பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானார். குப்பியில் இருப்பது என்னவென்று கற்பிட்டியில் ஊசி ஏற்றும் தாதியால் சோதித்துப் பார்க்க முடியாது. அது கொழும்பில், பணம் கைமாறுவதற்கு முன்பே நடக்க வேண்டிய சோதனை.