அசையாதே!

கேமரா வாங்கப் போகிறேன் என்று ஆபீஸில் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன், 2014-ல், ஒரு சாயங்கால டீ நேரத்தில். கிளாஸ் காலியாவதற்குள் பதினொரு பேர் பதினாலு கேமராக்களைச் சிபாரிசு செய்துவிட்டார்கள். அதில் ஒன்பது பேர் ஆயுளில் ஒரு கேமராவும் வைத்திருந்ததில்லை. "மெகாபிக்ஸல் பாத்து வாங்குங்க சார், மத்ததெல்லாம் சும்மா" என்றார் அக்கவுண்ட்ஸ் நண்பர். "ஜூம்தான் சார் முக்கியம். என் மச்சான் கேமராவுல நிலாவுல பாட்டி வடை சுடறதே தெரியும்" என்றார் டெஸ்பாட்ச்காரர். மானேஜர் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார். "எத்தனை நாள் லீவு கேக்கப் போறே?"

எனக்குக் கேமரா ஆசை வந்த காரணத்தை அங்கே சொல்லவில்லை. 2012-ல் அப்பா காலமானார். மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று வீட்டிலிருந்த நாலு ஆல்பத்தையும் புரட்டினோம். ஒன்றில்கூட அப்பா இல்லை. எப்படி இருப்பார்? எல்லாப் படத்தையும் எடுத்ததே அவர்தான். அவரிடம் ஆக்ஃபா கிளிக் த்ரீ இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பொங்கலில் போட்ட ரோல், பழநி மொட்டை, ஸ்கூல் ஆண்டுவிழா, தீபாவளி எல்லாம் தாண்டி அடுத்த பொங்கலுக்குத்தான் கழுவப் போகும். பன்னிரண்டில் ஒன்று பாழானாலும் வீட்டில் துக்கம். ஆகவே எங்களை உயரப்படி வரிசையாக நிறுத்தி, "அசையாதே!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, நிதானமாக ஒரு யுகம் கழித்து அமுக்குவார். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது.

கடைசியில் யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையிலிருந்து அப்பாவை வெட்டி எடுத்தோம். அவர் இடது தோளில் ஒரு கை. யார் கை என்று இன்றுவரை தெரியாது. எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் அந்தக் கையை அழித்துவிட்டு, அழித்தது தெரியாமலிருக்க அப்பாவுக்கு ஒரு கோட்டையும் மாட்டி அனுப்பினார். வேட்டியைத் தவிர வேறு அறியாத மனிதர். எங்கள் வீட்டு ஹாலில் கோட்டுப் போட்ட ஒருவரைத்தான் கும்பிடுகிறோம்.

அம்மாவுக்காவது ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில், ரெண்டு ஜூம் லென்ஸோடு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன். பை இலவசம், ஸ்டாண்டு இலவசம், லென்ஸ் துடைக்கும் துணி இலவசம். வீட்டுக்கு வந்து பெரிய லென்ஸை மாட்டி அம்மா பக்கம் திருப்பினேன். பீரங்கியைப் பார்த்த சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் அப்பாவிடம் எடுத்த டிரெய்னிங். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் கலங்கியது. ஃபிளாஷ் போட்டால் முகம் எண்ணெய் வடிந்து, பின்சுவரில் கறுப்பாக இன்னொரு அம்மா. ஆறு மாதத்தில் கேமரா பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று.

2017-ல் எடுத்துப் பார்த்தால், ரெண்டு லென்ஸுக்குள்ளும் எட்டுக்கால் பூச்சி வலை பின்னினது மாதிரி பூஞ்சை. சென்னையின் ஈரக்காற்றுக்கு மூடி வைத்த லென்ஸ் என்றால் அல்வா. தோல் பை, துணிப் பை எல்லாம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்தால் பிழைத்திருக்கும். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் படம் பிடித்திருந்தால் இன்னும் உத்தமம். நான் சாம்பிராணி போடாததுதான் பாக்கி. மற்ற எல்லாத் தப்பும் செய்திருந்தேன்.

செத்த லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு, கோட்டு மாட்டிய அதே ஸ்டூடியோக்காரரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எதுக்கு சார் இவ்ளோ பெரிய ஜூம்? யானை எடுக்கப் போறீங்களா?"

"அம்மாவை எடுக்கணும்."

"அப்ப ஜூம் வேணாம். பாடி செருப்பு மாதிரி சார், தேஞ்சா மாத்திக்கலாம். லென்ஸ் மூக்குக்கண்ணாடி மாதிரி. அது சரியில்லேன்னா எதைப் பாத்தாலும் தப்பாத்தான் தெரியும். 1.8 லென்ஸ் ஒண்ணே ஒண்ணு வாங்குங்க."

இந்த 1.8 என்ன சமாசாரம் என்று அன்று ராத்திரிதான் படித்துத் தெரிந்துகொண்டேன். லென்ஸுக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது. அது எவ்வளவு திறக்கும் என்பதற்கான நம்பர் அது. நம்பர் சின்னதாக ஆக, ஜன்னல் பெரிசு. (நம் இன்கிரிமென்ட் மாதிரி தலைகீழ்க் கணக்கு.) கேமராவோடு தள்ளிவிடும் சாதா ஜூம், இழுத்து நீட்டினால் 5.6-க்கு மேல் திறக்காது. 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். என் டியூப் லைட் படங்கள் ஏன் கலங்கின என்பது மூன்று வருஷம் கழித்துப் புரிந்தது. அம்மா அசைந்ததால் இல்லை. வெளிச்சம் போதாமல் ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருந்ததால், என் கை அசைந்திருக்கிறது.

எல்லோரும் 50 எம்.எம். வாங்கு என்பார்கள். ஒரு எச்சரிக்கை. ஆரம்பநிலை கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார், பழைய ஃபிலிம் சைஸைவிடச் சின்னது. அதில் 50 எம்.எம். மாட்டினால் 75, 80 எம்.எம். போலக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும். என் வீட்டு ஹாலில் அம்மாவை அரை உயரம் எடுக்க வேண்டுமானால், நான் சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து ஃபிளாட்டுக்குள் நிற்க வேண்டும். 35 எம்.எம். வாங்கினேன். அது பழைய கணக்கில் கிட்டத்தட்ட 50. ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த சமயம் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர், வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு லைக்காவும் ஒரு 50 எம்.எம். லென்ஸுமாகத்தான் உலகத்தைச் சுற்றினார். அவருக்குப் போதும் என்றால் நமக்கு?

பாடியை 2018-ல் செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். இன்றைக்கு இது இன்னும் சுலபம். கேனான், நிக்கான் இரண்டுமே தங்கள் புது மாடல்களை மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டதால், கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர்.களை ஜனங்கள் தள்ளிவிடுகிறார்கள். வாங்குமுன் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வலை தெரிந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். அதுதான் கேமராவின் கிலோமீட்டர் மீட்டர். நிக்கான் 3000, 5000 வரிசை என்றால் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏ.எஃப்.-டி லென்ஸை வாங்கினால், கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏ.எஃப்.-எஸ். என்று போட்டிருக்க வேண்டும்.

அக்கவுண்ட்ஸ் நண்பரின் மெகாபிக்ஸலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 6-க்கு 4 இஞ்ச் பிரிண்டுக்கு, இஞ்ச்சுக்கு 300 புள்ளி வீதம், சுமார் 22 லட்சம் புள்ளி போதும். அதாவது ரெண்டேகால் மெகாபிக்ஸல்கூட வேண்டாம். 24 மெகாபிக்ஸலில் இருபது இஞ்ச் அகலத்துக்கு பிரிண்ட் போடலாம். போட்டு மாட்டச் சுவர் வேண்டும்.

அப்புறம் படித்தது கத்தரிக்காயிடம். சிரிக்காதீர்கள். ஒரு கத்தரிக்காயை ஜன்னல் ஓரம் வைத்து, காலை ஏழு, பத்து, மத்தியானம், சாயங்காலம் நாலு என்று ஒரு ஞாயிறு பூராவும் எடுத்தேன். அது அசையாது, முகம் சுளிக்காது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் அது உருண்டை என்றே தெரிகிறது. நேர் எதிரிலிருந்து விழுந்தால் தட்டை. உச்சிவெயிலில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மனிதர்களுக்கு என்றால் கண்ணுக்குக் கீழே குழி. "பாடம் முடிஞ்சுதுன்னா குடுங்க, குழம்பு கொதிக்குது" என்று மனைவி வந்து வாங்கிப் போனாள்.

ஞாயிறுதோறும் விடிகாலையில் காசிமேட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு படகுக்கு ஆறு கேமரா. ஏற்றுக்கொள்கிறேன், சூரியன் அழகுதான். ஆனால் எல்லார் படத்திலும் அதே சூரியன், அதே படகு, அதே காக்கா. வலை இழுக்கிற மனுஷர் எங்கள் காலில் தடுக்காமல் வேலை செய்யப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் போகவில்லை.

என் வெளிச்சம் வீட்டிலேயே இருந்தது. காலை ஏழு மணிக்கு சமையலறை பால்கனிக் கதவோரம் அம்மா அரிவாள்மணையோடு உட்காருவாள். இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், நேர் வெயில் கிடையாது. எதிரே பேப்பரும் காப்பியுமாக நானும் உட்கார ஆரம்பித்தேன். மடியில் கேமரா. ஐ.எஸ்.ஓ. 400, ஜன்னல் 2.8, ஷட்டர் 125-ல் ஒரு பங்கு விநாடி; காய் நறுக்குகிற கை அதற்குக் குறைந்தால் தேய்ந்துபோகும். முதல் வாரம் 'க்ளிக்' கேட்டதும் புடவையைச் சரிசெய்து, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்தாள். இரண்டாம் வாரம் திட்டினாள். "அவனவன் ஆபீசுக்கு நேரமாச்சுன்னு ஓடறான், இவன் என்னடான்னா..." மூன்றாம் வாரம் என்னை மறந்துவிட்டாள். நூற்றுக்கணக்கில் வீணாகியிருக்கும். அதற்குத்தானே டிஜிட்டல்? அப்பாவுக்குக் கிடைக்காத பாக்கியம்.

ஒருநாள் பேச்சு பழநிக்குப் போயிற்று. அப்பா ஃபிலிமைச் சுற்ற மறந்து, பெரிய அத்தையை எடுத்த அதே இடத்தின் மேலேயே ஜட்கா வண்டியையும் எடுத்துவிட்டார். கழுவி வந்த படத்தில் அத்தை கழுத்துக்கு மேலே குதிரை முகம். "அசையாதே அசையாதேன்னு அதட்டினாரே, குதிரைகூட அசையலைடா!" என்று சொல்லி அம்மா சிரித்தாள். கையில் பாதி நறுக்கிய வாழைக்காய். கண் மூடி, மேல்வரிசைப் பல் போன இடம் தெரிய, தோள் குலுங்க. அமுக்கினேன்.

பிரிண்ட் போட்டு, பயந்துகொண்டே நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. இதையே எடுத்து வச்சுக்க. அப்புறம் யார் கல்யாணத்துல போய்த் தேடுவே?"

எனக்குப் பதில் வரவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் இன்னொரு தரம் பார்த்தாள்.

"அந்த அரிவாள்மணையை மட்டும் எடுத்துடச் சொல்லு. ஸ்டூடியோக்காரன்கிட்ட முன்னாடியே சொல்லி வை, எனக்கும் கோட்டு மாட்டிடப் போறான்."