நுரைச்சோலையில் ஒரு பகலுணவு

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், நகரை அடைவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தி வருகின்றது. அங்கிருந்து இடப்புறமாகப் பிரியும் வீதி கற்பிட்டிக் குடாநாட்டின் வழியே வடக்கு நோக்கி நீண்டு செல்லும். ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே வெண்மணலும் தென்னையும் பனையும். அவற்றினிடையே, இந்த மணலிலா இவ்வளவு பசுமை என்று வியக்கும்படி வெங்காயப் பாத்திகள், மிளகாய்த் தோட்டங்கள், பீற்றூட்டு வயல்கள்.

இவ்வீதியில் உள்ள ஊர்களுள் ஒன்று நுரைச்சோலை. அம்பாறை மாவட்டத்திலும் இதே பெயருடைய ஊரொன்று உண்டு. நான் கூறுவது புத்தளக் கரையிலுள்ள ஊரை. நாட்டில் அநேகருக்கு இது ஓர் ஊரின் பெயராகத் தெரியாது. அனல் மின் நிலையத்தின் பெயராகவே தெரியும். மின்சாரம் தடைப்படும் நாட்களில் இப்பெயரைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் நாம், அங்கும் மனிதர் வாழ்கின்றனர், உழுகின்றனர், வலை வீசுகின்றனர், நண்பகலானால் பசித்து உண்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியவனல்லன். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆவணித் திருவிழாக் கூட்டம் கலைந்தபின் ஒருநாள் அப்பக்கம் போய்த் திரும்புகையில், என் தமக்கையின் மகன், “மாமா, இனிப் பசி பொறுக்க ஏலாது” என்று முறையிட்டதனாலேயே அங்கு இறங்கினேன்.

வீதியோரத்தில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகையின் வண்ணத்தை உப்புக்காற்று பாதிக்கு மேல் தின்றுவிட்டது. முன்புறத்தில் கண்ணாடிப் பெட்டி; அதனருகே இரவில் கொத்து ரொட்டி போடுவதற்கான இரும்புத் தகடு, பகலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆறு மேசைகள். மூலையில் கைகழுவும் தொட்டி. அதன்மேல் ஆணியில் குத்திவைக்கப்பட்ட பத்திரிகைத் துண்டுகள், கை துடைப்பதற்காக. எழுதிப் பிழைப்பவனுக்கு இதைக் காட்டிலும் நல்ல பாடம் இல்லை. யாரோ பாடுபட்டு எழுதிய ஞாயிறு மலர்க் கட்டுரையொன்றின் பாதியில்தான் நானும் பின்னர் கை துடைத்தேன்.

நாம் அமர்ந்ததும், கேளாமலே ஒரு பையன் தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பற்றீஸ், மீன் பணிஸ் எல்லாம் கொணர்ந்து நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நம் நாட்டுத் தேநீர்க் கடைகளின் இவ்வழக்கம் வெளிநாட்டாரைத் திகைக்கச் செய்வது. உண்டவற்றுக்கே காசு, எஞ்சியவற்றை எண்ணிப் பையன் கணக்குச் சொல்லுவான். எஞ்சிய வடை அடுத்த மேசைக்குப் பயணமாகும் என்பதும் உண்மை. அதனை ஆழ்ந்து ஆராயாதிருத்தல் வயிற்றுக்கும் மனத்துக்கும் நலம்.

பின்னர் சோறு வந்தது. மெல்லிய பொலித்தீன் தாள் விரித்த தட்டில் சிவப்பரிசிச் சோறு. பருப்பு, அவ்வூர் மணலில் விளைந்த பீற்றூட்டுக் கறி, தேங்காய்ப்பூச் சேர்த்த கீரைச் சுண்டல், அப்பளம், பொரித்த மிளகாய். சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்க வரும், மீனுக்கே விலை. அன்று பாரை மீன். அதன் குழம்பை அங்குள்ளோர் “ஆணம்” என்கின்றனர்; இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் நிலைத்துவிட்ட அழகிய சொல். தென்னிலங்கையில் மீனுக்குக் கொறக்காப் புளி இடுவர். இந்த ஆணத்தில் பழப்புளி. முதற் கவளத்திலேயே இது இக்கரையின் சுவையன்று, வடக்கே எங்கோ உண்ட சுவை என்று நாக்கு சொல்லிற்று.

எமக்குப் பக்கத்து மேசையில் மின் நிலையத் தொழிலாளர் நால்வர் சிங்களத்திற் பேசியபடி உண்டனர். அப்பால் களப்பிலிருந்து வந்த மீனவர் இருவர். வாயிலோரத்தில் வெங்காய லொறியின் சாரதி. பையன் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் விடை கூறிக்கொண்டு திரிந்தான். அந்த மின் நிலையம் 2011-ஆம் ஆண்டு முதற் பிரிவுடன் தொடங்கி, 2014-இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற்று, 900 மெகாவாற்று வலுவுடன் நாட்டிலேயே மிகப் பெரிதாய் நிற்பது. அதற்கு வேண்டிய நிலக்கரி கடல் கடந்து வருகின்றது. பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, படகுத் தெப்பங்களில் இறக்கிக் கரை சேர்ப்பர். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது இயலாது. ஆகவே அமைதிக் காலத்திலேயே ஆண்டு முழுமைக்கும் சேர்த்து வைக்க வேண்டும். கரித்தூளும் சாம்பலும் காற்றில் வருவதாக அயலிலுள்ளோர் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதே, அன்று நுரைச்சோலைக் கடைகளும் இருளில்தான் இருந்தன. விளக்கின் அடியில் இருள் என்பது இதுதான் போலும்.

உண்டு முடிந்ததும் தேநீர் கேட்டோம். மிக நன்றாயிருந்தது. “இந்த ஊர்த் தண்ணீரா?” என்று முதலாளியைக் கேட்டேன். நாற்பதைக் கடந்தவர், சிரித்துவிட்டார்.

“கிணத்துத் தண்ணி ஏனம் கழுவ மட்டுந்தான் ஐயா. தேத்தண்ணிக்கும் சோத்துக்கும் காசு குடுத்துத்தான் வாங்குற.”

மருமகனுக்கு இது விளங்கவில்லை. கிணற்றில் இத்தனை நீர் இருக்க, காய்ச்சினால் போதாதா என்றான். மாணவர்கள் பலருக்கும் இவ்வையம் எழக்கூடும். இக்குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஒரு நன்னீர்ப் படையாய்த் தங்குகின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது தாழ்ந்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அதனையே திருப்பிப் பார்த்தால், இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைப்பின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரும். இது முதலாவது ஆபத்து. இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மணல் எதனையும் பிடித்து வைப்பதில்லை. பயிருக்கு இடும் உரத்தில் ஒரு பகுதி நைத்திரேற்றாக நீருடன் இறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். நாம் சுவைத்த பீற்றூட்டுக் கறிக்கும், குடிக்கலாகாத கிணற்றுக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது. உழவனைக் குறை கூறுவதும் எளிதன்று. 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அவன் பட்ட பாட்டை நாடே கண்டது.

பேச்சு ஆணத்துக்குத் திரும்பிற்று. சமையல் யாருடையது என்றேன். “உம்மாட கை” என்று உள்ளே காட்டினார். அவர்கள் மன்னாரின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து திரளானோர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இன்று இக்கடைக்கு முதலாளி. தென்னோலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை. அயலார் அன்று கொடுத்த சோற்றையும் பாயையும் அவர் மறக்கவில்லை. பின்னாளில் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் இரு சாராரிடையே எழுந்த மனக்கசப்பையும் அவர் மறைக்கவில்லை.

போர் 2009-இல் முடிந்தது. மூத்த சகோதரர் திரும்பிப் போய்ப் பழைய வளவில் வீடு கட்டிவிட்டார். அவ்வளவில் ஒரு புளியமரம் தப்பி நின்றதாம். ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் உம்மா அங்கு சென்று, புளி உலுக்கி, கோது நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்து நுரைச்சோலைக்குக் கொண்டுவருவார். நாம் உண்ட ஆணத்தில் கரைந்திருந்தது அந்தப் புளிதான்.

இதற்குள் அம்மூதாட்டியே முந்தானையால் கை துடைத்தபடி வாயிலுக்கு வந்துவிட்டார். “அடுத்த புளி உலுக்கப் போனா நான் இஞ்ச திரும்பி வரமாட்டன். அதையும் சொல்லு” என்றார் மகனிடம், எம்மைச் சாட்சி வைப்பவர்போல.

“பிள்ளையள் இஞ்ச படிக்கிறாங்க. கடை இஞ்ச இருக்கு. நான் எப்படி உம்மா வார?” என்றார் மகன்.

“நீ வா எண்டு ஆரு சொன்ன? நான் போறன் எண்டுதான் சொன்னன்.”

“அப்ப ஆணம் ஆரு வைக்கிற?”

அதற்கு உம்மா விடை கூறவில்லை. இப்பேச்சு இன்று முதன்முறையாக நடப்பதன்று என்பது பையனின் முகத்திலிருந்து தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டு என்பது ஒருவருக்கு வேரூன்றப் போதுமான காலம். இன்னொருவருக்கு வேரை மறக்கப் போதாத காலம். காணி ஓரிடம், பிழைப்பு மற்றோரிடம் என்று இவ்வாறு இரண்டாகிப்போன குடும்பங்கள் புத்தளத்தில் ஒன்றிரண்டல்ல.

கணக்குப் பார்க்கும் வேளை வந்தது. இரண்டு வடை, ஒரு ரோல்ஸ் என்று நான் சொன்னேன். பையன் தட்டை ஒருமுறை நோக்கி, “ரோல்ஸ் ரெண்டு” என்றான். மருமகன் தலைகுனிந்தான். தேநீருக்கு முதலாளி காசு வாங்க மறுத்தார். வாங்கிய தண்ணீரில் ஊற்றியதாயிற்றே என்று நான் வற்புறுத்தியும் கேட்கவில்லை. பாலாவி பஸ் தொலைவில் ஊதுவது கேட்டு நாங்கள் எழுந்தோம். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் மட்டும் வந்தது:

“அந்தப் புள்ள ஒழுங்காத் திண்டதா? இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தியிருக்கலாமே!”