அலைக்குத் தெரியாத எல்லைக்கோடு

கடற்கரையில் நிற்பவருக்குக் கடல்நீரே தம்மை நோக்கி ஓடிவருவதுபோலத் தோன்றும். உண்மை வேறு. ஆழ்கடலில் ஓர் அலை கடக்கும்போது அங்குள்ள நீர் வட்டமாகச் சுழன்று, ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. முன்னேறிச் செல்வது நீரன்று, ஆற்றல். பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் இயற்பியலின் இந்த அரிச்சுவடியை நாடியதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி தன் மணற்பரப்பை இழந்த கதை இதில்தான் தொடங்குகிறது.

அலைகளில் அடிப்படை வகைகள் இரண்டு. ஊடகத்தின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்ந்தால் அது நெட்டலை. செங்குத்தாக அதிர்ந்தால் குறுக்கலை. நான் வசிக்கும் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் இரண்டுமே அன்றாடம் பயன்படுகின்றன. ஸ்கேன் கருவி அனுப்பும் மீயொலி ஒரு நெட்டலை. அது பரவ ஊடகம் தேவை. இடையில் காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும் என்பதால்தான் உடலில் பசை தடவுகிறார்கள். எக்ஸ் கதிரோ ஒளியைப் போன்ற குறுக்கலை. அதற்கு ஊடகமே வேண்டாம். கடலின் மேற்பரப்பு அலை இவ்விரு அசைவுகளும் கலந்தது.

அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். ஆழம் குறைந்த நீரில் அந்த வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கிறது. சுனாமியின் அலைநீளம் மிகப் பெரிது என்பதால் பெருங்கடல்கூட அதற்கு ஆழமற்ற நீரே. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் அது, கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயர்ந்தெழுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரை கண்டது இதைத்தான்.

அன்றாட அலைகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே. கரைக்குச் சாய்வாக வரும் அலையின் ஒரு முனை முதலில் ஆழமற்ற நீரைத் தொட்டு வேகம் குறைய, அலை கரையை நோக்கி வளைகிறது. இது விலகல். ஆயினும் சாய்வு முழுதும் மறைவதில்லை. அலை உடையும்போது மிஞ்சிய சாய்வு, நீரையும் மணலையும் கரையோரமாகத் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் இந்த மணல் தெற்கே நகர்ந்தாலும், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் நம் கரையில் அது வடக்கு நோக்கியே செல்கிறது.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக எழுப்பப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் மணற்பரப்பு கரைந்தது. கொட்டப்பட்ட பாறைகள் சாலையைக் காத்தன, மணலைக் காக்கவில்லை. அரிப்பு மேலும் வடக்கே, தமிழகத்தின் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை நகர்ந்தது. அலைக்கு மாநில எல்லை தெரியாது.

ஒருவரின் செயலுக்கான செலவு அவருடைய கணக்கில் ஏறாமல் வேறொருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். சுவர் கட்டிய செலவு துறைமுகக் கணக்கில் இருக்கும். படகை இழுத்துவைக்க இடமிழந்த வடகரை மீனவரின் இழப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது?

தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டுதலில் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலடியில் அமைக்கப்பட்ட ஆப்பு வடிவக் கட்டமைப்பு, அலையின் ஆற்றலை முன்கூட்டியே தணித்து, நகரத்துக்கு ஓரளவு மணலை மீட்டுத்தந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஓரிடத்தில் தங்கும் மணல் இன்னோர் இடத்துக்குச் செல்ல வேண்டிய மணல் என்பதை மறக்கலாகாது.

ஆகவே, துறைமுக வாயிலில் சேரும் மணலை எடுத்து வடகரையில் சேர்ப்பது, எப்போதாவது மேற்கொள்ளும் திட்டமாக அல்லாமல் துறைமுகத்தின் நிரந்தர நடைமுறைச் செலவாக வேண்டும். புதுவையும் தமிழகமும் இக்கரை முழுவதற்கும் ஒரே மணல் கணக்கை எழுத வேண்டும். புதிதாக ஒரு கல்லைக் கடலில் போடுமுன், அதன் வடக்கே வாழ்பவரிடம் கேட்பது அந்தக் கணக்கின் முதல் வரியாக இருக்கட்டும்.