காப்பகத்துக் கருணைக்கொலை

கருணைக்கொலை என்பது இக்காலத் தமிழிற் பெரிதும் வழங்கும் ஒரு சொல். இலக்கணம் பயில்வார் இதனை மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். கருணையாற் செய்யுங் கொலை என விரியும். தீரா நோயுற்று வேதனையில் உழலும் ஒரு நாய்க்கு மருத்துவர் பெண்டோபார்பிட்டல் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தி, உறக்கத்தினூடே உயிர் பிரியச் செய்வாராயின், அத்தொகை அவ்வாறு விரிவதற்கு யாதொரு தடையுமில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விலங்குக் காப்பகங்களில் இப்பெயரால் மடிந்த நாய் பூனைகளுட் பல நோயற்றவை, இளையவை, மனிதரோடு பழகியவை. அவற்றின் உயிரை வாங்கியது கருணையன்று, கூண்டுக் குறைவே. அவற்றின் திறத்தில் அச்சொல்லை 'இடமின்மையாற் செய்யுங் கொலை' என விரித்தலே நேர்மையாம். இக்கொலை அந்நாட்டில் எவ்வாறு குறைந்து வந்தது என்பதையும், அவ்வரலாறு இன்று நமக்கு ஏன் வேண்டப்படுகின்றது என்பதையும் ஒருவாறு எடுத்துரைக்க முயல்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கு நகரத்தார், பட்டியில் அடைத்த தெருநாய்களை இரும்புக் கூண்டிலிட்டு ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். 1877ஆம் ஆண்டுக் கோடையில் ஒரே நாளில் 700க்கு மேற்பட்ட நாய்கள் இவ்வாறு மாண்டன. இக்கொடுமைகளைக் கண்டு இரங்கினோர் இலர் என்பதில்லை. பிலடெல்பியாவில் கரோலைன் எர்ல் வைட் அம்மையார் முதலிய பெண்மணிகள் 1869இல் ஒரு சங்கங் கண்டு, நகரத்து நாய்ப்பட்டியைக் காப்பகமாக மாற்றினர். ஹென்றி பெர்க் என்பார் 1866இல் நிறுவிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1894இல் நியூயார்க்கு நகரத்துப் பொறுப்பை ஏற்றது. உணவும் நீரும் வந்தன. ஆற்றில் அமிழ்த்துதல் ஒழிந்தது. கொல்லுதல் மட்டும் ஒழிந்திலது. கொல்லும் முறை மென்மையாயிற்று; அவ்வளவே. அருளுடையோர் கைக்குப் பட்டி வந்த பின்னரும் நிலைமை இங்ஙனம் இருந்தமைக்குக் காரணம் அவர்தம் நெஞ்சில் இல்லை; கணக்கில் இருந்தது.

அக்கணக்கைச் சிறிது விரித்துரைப்பாம். 100 கூண்டுகளையுடைய ஒரு காப்பகத்தைக் கருதுக. உள்வரும் விலங்கு ஒவ்வொன்றும் சராசரி 30 நாள் தங்குமாயின், ஓராண்டில் ஏறத்தாழ 1,200 விலங்குகளுக்கே அங்கு இடமுண்டு. வருவன 1,500 ஆயின் எஞ்சிய 300 எங்ஙனம் ஆவன? நகராண்மைக் காப்பகம் பெரும்பாலும் தன் வாயிலை அடைத்துக்கொள்ள இயலாது. கொணர்ந்தவற்றையெல்லாம் ஏற்றாகல் வேண்டும். ஆகவே நாளை வருவதற்கு இடஞ்செய்ய இன்றிருப்பது இறக்கின்றது. காலையிற் சோறிட்ட கையே மாலையில் அந்நாயைப் பிடித்துக்கொண்டு ஊசியிடத் துணைசெய்ய வேண்டிய நிலை பணியாளர்க்கு நேர்கின்றது. அவரைக் கொடியவர் என்பார் ஒருநாளேனும் அப்பணியை ஏற்றுப் பார்த்தல் நன்று. நிற்க. அந்த 100 கூண்டுகளே, விலங்கு 10 நாளில் நல்லில்லம் புகுமாயின், 3,600க்கு மேற்பட்டவற்றுக்கு இடந்தரும். கூண்டு ஒன்றேனும் கூடிற்றில்லை. தங்கும் நாளே குறைந்தது. வருவன குறைதலும், வந்தன விரைந்து வெளிச்செல்லுதலுமாகிய இரண்டிலேயே எல்லாம் அடங்குகின்றன.

வருவன குறைதற்கு முதற் கருவி கருத்தடை அறுவை. பூனையின் சூற்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரமே. பிறந்த நான்கைந்து திங்களிலேயே அது சூல்கொள்ளவுங் கூடும். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் பிறத்தல் இயல்பு. ஆதலால் வேனிற்காலத்தே காப்பகங்கள் குட்டிகளால் நிரம்பிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் நகராண்மை 1971இல் குறைந்த கட்டணத்திற் கருத்தடை செய்யும் மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. கருத்தடை பெற்ற நாய்க்கு உரிமக் கட்டணங் குறைவு என்று ஊர்கள் பலவும் விதித்தன. உடையோர் இல்லாத பூனைகளைப் பிடித்து, அறுவை செய்து, காது நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு, முன்னிருந்த இடத்திலேயே விடும் வழக்கமும் பின்னர்ப் பரவிற்று.

வெளிச்செல்லும் வழியைப் பெருக்கியவருள் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ரிச்சர்டு அவன்சீனோ குறிப்பிடத்தக்கார். அவர் தலைமையில் இயங்கிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1994இல் நகராண்மைக் காப்பகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நலமும் நற்குணமும் உடையதாய் இருந்தும் நகராண்மையாரால் இல்லந் தேடித்தர இயலாத நாயோ பூனையோ எதுவாயினும், அதனைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் சாரம். 'கொல்லாக் காப்பகம்' என்று பலகை தொங்கவிட்டு, எளிதில் இல்லஞ் சேரத்தக்கவற்றை மட்டும் பொறுக்கி ஏற்று, ஏனையவற்றை அடுத்த தெருவிலுள்ள காப்பகத்துக்கு அனுப்பும் அமைப்புகளும் அந்நாட்டில் உண்டு. அவை கொலையைக் குறைப்பனவல்ல, கொல்லுவாரை மாற்றுவன. சான் பிரான்சிஸ்கோச் சங்கத்தார் அங்ஙனஞ் செய்யாது பிறர் சுமையிற் பங்கு கொண்டமையே யாம் போற்றுவது. அதுபோன்றே, இல்லமுங் கிடையாது இறப்புமின்றி ஆண்டுக்கணக்காகக் கூண்டிற் கிடக்கும் விலங்கை வாழ்வது என எண்ணி மகிழ்தற்கும் எம் மனம் ஒருப்படவில்லை.

அண்மைக் காலத்தே மற்றொரு கருத்தும் வலுப்பெற்றுள்ளது. வளர்த்த நாயைக் காப்பகத்தில் விட வருவார் எல்லாரும் அன்பற்றவர் அல்லர். வாடகை வீட்டார் நாயை ஒப்பார். மருத்துவச் செலவு கைக்கு எட்டாது. இவ்வாறு கண்ணீரோடு வருவார் பலர். அன்னார்க்கு நாயுணவும் சிகிச்சைச் செலவும் உதவின், அந்நாய் வீட்டைவிட்டு வாராமலே போகும்.

இவற்றின் பயன் யாது? அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தார் மதிப்பின்படி, 2011ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் காப்பகங்களிற் கொல்லப்பட்ட நாய் பூனைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 26 இலட்சம். 2019இல் அத்தொகை 9,20,000 ஆகக் குறைந்தது. இவ்விடைக்காலத்தில் உள்வந்தன 72 இலட்சத்தினின்று 63 இலட்சமாகவே குறைந்தமையின், வெளிச்செல்லும் வழி விரிந்தமையும் பெருங் காரணம் என்பது பெறப்படும். 2024இல் ஏறத்தாழ 6 இலட்சம் என்பர். இதுவும் சிறு தொகையன்று.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கு உடையோரில்லா நாய்கள் கூண்டில் அன்றித் தெருவில் வாழ்வன. சென்னை மாநகராட்சி அவற்றைப் பிடித்துக் கொல்லும் முறையை 1996 வரை கைக்கொண்டிருந்தது, நாய்கள் குறைந்தபாடில்லை. கேப்டன் சுந்தரம் 1959இல் நிறுவிய புளூ கிராஸ் சங்கத்தார் பல்லாண்டு வாதிட்டதன் பயனாக, அவ்வாண்டிற் கருத்தடை முறை அங்குத் தொடங்கிற்று. 2001இல் மத்திய அரசு வகுத்த விதிகள் அதனை நாடு முழுமைக்கும் உரியதாக்கின. ஆயின் 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம், கல்விச்சாலை, மருத்துவமனை, இரயில் நிலையம் முதலியவற்றின் எல்லைக்குள் திரியும் நாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்திற் சேர்க்கவும், மீண்டும் அவ்விடத்தில் விடாதிருக்கவும் ஆணையிட்டது. நாய்க்கடியால் வெறிநோயுற்றுக் குழந்தைகள் இறக்கும் நாட்டில் நீதிமன்றத்தின் கவலையை எளிதென்று தள்ளுவோம் அல்லோம்.

எனினும் மேற்கூறிய கணக்கை இங்கும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நாட்டு நாயைத் தத்தெடுப்பார் சிலரே. நலமுள்ள நாயைக் கொல்ல நம் விதிகள் இடந்தாரா. ஆகவே காப்பகம் புகுந்த நாய் 30 நாளன்று, தன் வாழ்நாள் முழுதும் அங்குத் தங்கும். அது பத்தாண்டு எனக் கொள்வாம். 100 கூண்டுகள் பத்தாண்டுக்கு 100 நாய்களுக்கே இடந்தரும், ஆண்டொன்றுக்குப் பத்து. கருத்தடை பெறாத ஒரு பெட்டை நாய் இரண்டு ஈற்றில் அப்பத்தை நிரப்பிவிடும். நம் கல்லூரி வளாகத்து நாய்களுட் கருத்தடைக்கு அடையாளமாகக் காதில் வெட்டுடையன எவை, அஃதில்லாதன எவை என்று எண்ணிக் குறித்தலும், இங்குப் பிறக்கும் குட்டிகளுக்குப் பழைய மாணவர் இல்லங்களில் இடம் வினவுதலும் கோடை விடுமுறைக்குமுன் முடிக்கத்தக்க பணிகளே.